நாளங்காடியும் நல்லூர் வீதியும்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் ஒரு வழக்கு உண்டு. ஆடி அமாவாசை கழிந்து சில நாட்கள் சென்றதும், "நல்லூர் தொடங்கிவிட்டது" என்பார்கள். ஆவணி அமாவாசை வந்ததும், "நல்லூர் முடிந்துவிட்டது" என்பார்கள். நல்லூர் என்பது ஓர் ஊரின் பெயர். ஊர் எவ்வாறு தொடங்கும்? எவ்வாறு முடியும்? இலக்கணம் படித்தவர்கள் இதனை ஆகுபெயர் என்று சொல்லி அமைதி காண்பார்கள். ஊரின் பெயர் ஊரில் நிகழும் விழாவுக்கு ஆகி வந்தது என்பார்கள். அது சரிதான். ஆயினும் அந்தப் பேச்சுக்குள் வேறோர் உண்மையும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த 25 நாட்களிலும் நல்லூர் என்ற பழைய நகரம் மெய்யாகவே மறுபடி தொடங்குகிறது. அந்த நகரத்தைப் பற்றியும், அதன் வீதியில் கூடும் சந்தையைப் பற்றியுமே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்ற ஆவணியில் ஒரு மாலைப்பொழுது. பருத்தித்துறை வீதியில் வாகனங்களை மறித்திருந்தார்கள். சைக்கிளை ஒரு வீட்டு வளவில் நிறுத்திவிட்டு நடந்தேன். தலைக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாகச் சீலைகள் கட்டியிருந்தன. ஆலயத்தின் வெளிவீதியில் மணல் பரப்பியிருந்தது. அங்கப்பிரதட்சணம் செய்வோரின் உடல் நோகாதிருக்க இட்ட மணல் அது. தண்ணீர்ப்பந்தலில் மோர் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கும் அப்பால் தொடங்கியது கடைத்தெரு. கச்சான் வறுக்கும் தாச்சிகளில் மணல் சரசரத்தது. மணிக்கடை, காப்புக்கடை, சோளப்பொரி, தும்பு முட்டாசு, ஐஸ்கிறீம், பிளாஸ்ரிக் விளையாட்டுப் பொருட்கள், சேலைகள், புத்தகங்கள், அலுமினியப் பாத்திரங்கள். ஒலிபெருக்கியில் ஒருபுறம் தேவாரம்; மறுபுறம் காணாமற்போன பிள்ளையைப் பற்றிய அறிவிப்பு. பிள்ளையின் சட்டை நிறத்தைச் சொல்லித் தாயை அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடைத்தெருவைப் பற்றி ஒரு குறை ஆண்டுதோறும் எழும். "கந்தன் திருவிழாவா, களியாட்ட விழாவா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். சாமியைப் பார்க்க வருவோரிலும் கடை பார்க்க வருவோரே அதிகம் என்பார்கள். இந்தக் கேள்வியை எள்ளி நகையாட வேண்டியதில்லை. இந்த ஆலயம் எவ்வாறு நடக்க வேண்டும் என்ற வாதம் இங்கே பழையது. 1822-இல் இதே நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், ஆலய நடைமுறைகள் ஆகமத்தோடு பொருந்தவில்லை என்று கருதித் துண்டுப்பிரசுரமே எழுதினார். விழாவைப் பற்றிச் சண்டை போடும் ஊர், விழாவை மதிக்கும் ஊர். ஆயினும் சந்தை வந்து விழாவைக் கெடுத்தது என்ற கருத்தை மட்டும் நம் இலக்கியத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் 'இந்திரவிழவு ஊரெடுத்த காதை' என்றொரு பகுதி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா தொடங்கும் செய்தியைச் சொல்வது அது. விழாவைச் சொல்ல வந்த இளங்கோவடிகள் எங்கிருந்து தொடங்குகிறார்? கோயிலிலிருந்து தொடங்கவில்லை. கடைத்தெருவிலிருந்து தொடங்குகிறார். கடலோரமான மருவூர்ப்பாக்கத்தில் சாந்து விற்போர், பூ விற்போர், பிட்டு விற்போர், அப்பம் விற்போர், உப்பு விற்போர், மீன் விற்கும் பரதவர், நெய்வோர், தைப்போர், கொல்லர், தச்சர் என்று ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டுகிறார். யவனரையும், பல மொழி பேசிய வேற்று நாட்டாரையும் அங்கேயே காட்டுகிறார். அப்பால் அரசரும் வணிகரும் அந்தணரும் வாழ்ந்த பட்டினப்பாக்கத்தைச் சொல்கிறார். இரண்டு பாக்கங்களுக்கும் இடையே இருந்தது ஒரு சோலை. அந்தச் சோலையில், மரங்களே தூண்களாகக் கூடியது நாளங்காடி, அதாவது பகற்சந்தை.

இனித்தான் நாம் கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. அந்த நாளங்காடியில் ஒரு காவற்பூதம் இருந்தது. அதற்கு ஒரு பலிபீடம் இருந்தது. விழாத் தொடங்கும் நாளில் மறக்குடிப் பெண்கள் வந்து அந்தப் பூதத்துக்கே படையலிட்டார்கள். படைத்தவற்றுள் நோலை என்ற பண்டமும் ஒன்று. நோலை என்பதற்கு எள்ளுருண்டை என்று உரையாசிரியர் பொருள் எழுதினர். நல்லூர் வீதியில் இன்றும் எள்ளுருண்டை விற்கிறார்கள்! ஆக, தமிழில் நாம் விரிவாக அறியும் பழைய நகர விழா ஒன்றின் படையல் சந்தைக்கு நடுவில் நிகழ்ந்தது. சந்தை விழாவின் புறத்தே வந்து ஒட்டிக்கொண்டதன்று. விழாவுக்கு நிலைக்களமாகவே அது இருந்தது. மதுரைக்காஞ்சியிலும் இதே நிலைதான். பகலில் நாளங்காடி, இரவில் அல்லங்காடி என்று இரண்டு சந்தைகளின் ஆரவாரத்தோடும் விழாக் கொடிகளோடும் மதுரை மாநகரைக் காட்டுகிறார் மாங்குடி மருதனார்.

அங்காடி என்ற அந்தச் சங்கச் சொல் நம் நாட்டில் இன்னும் உயிரோடு இருக்கிறது. வீதியோரத்தில் சாக்கை விரித்து விற்போரை நாம் அங்காடி வியாபாரிகள் என்கிறோம். பெரிய கட்டடத்தில் கடை வைத்தவருக்கு அந்தப் பெயர் இல்லை. காப்பியத்தின் சொல் தரையில் குந்தியிருப்பவரிடமே தங்கியிருக்கிறது.

நல்லூருக்கு வருவோம். ஆலயத்திலிருந்து பருத்தித்துறை வீதி வழியே கல்வியங்காட்டுப் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால் முத்திரைச் சந்தி வரும். சங்கிலியன் சிலை நிற்கும் இடம் அது. முத்திரைச் சந்தை என்றும் அந்த இடத்துக்கு ஒரு பெயர் உண்டு. சந்தை என்பது சந்தி ஆயிற்றா, இரண்டும் அருகருகே வழங்கினவா என்பதை அறிஞர்கள் ஆராயட்டும். எனக்கு அந்த இரண்டு சொற்களும் உறவினராகவே தோன்றுகின்றன. சந்திக்கும் இடம் சந்தி. சந்தித்தால் அங்கே சந்தை. அயலில் சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம், யமுனா ஏரி என்று பெயர்கள் தொடர்கின்றன. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் என்று நாற்றிசைக் கோயில்களை யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அந்தக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. நாலு கோயில்களையும் ஒரு காலைப்பொழுதில் சைக்கிளில் சுற்றி வரலாம். சுற்றி வந்தால், மறைந்துபோன ஒரு தலைநகரின் எல்லையையே சுற்றியவர்களாவோம்.

அந்தத் தலைநகர் 1619-இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1621-இல் பிலிப் டி ஒலிவேரா என்ற தளபதி கந்தசுவாமி கோயிலை இடிப்பித்தான். ஆட்சியின் இருக்கை கடலோரப் பட்டினத்துக்குப் போயிற்று. கோட்டை அங்கே எழுந்தது. பெரியகடையும் சின்னக்கடையும் அந்தப் பக்கத்துப் பெயர்களாயின. பழைய கோயில் நின்ற இடம் முத்திரைச் சந்திப் பகுதியே என்பது ஆய்வாளர் பலரது கருத்து. இன்றுள்ள ஆலயம், ஒல்லாந்தர் காலத்தில், 18-ஆம் நூற்றாண்டில், குருக்கள் வளவு என்ற இடத்தில் எழுந்தது. அரசன் போனான்; அரண்மனை போயிற்று; பழைய கோயிலும் போயிற்று. ஒரு நகரம் அழிவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை கொடியேறுகிறது. மக்கள் வருகிறார்கள். வீதி நிறைகிறது. அரசன் இல்லாமலே தலைநகர் திரும்பி வருகிறது.

கொடியேற்றம் என்றேனே, அந்தக் கொடிச்சீலையும் ஒரு தொழிலாளர் கைவழியாகவே வருகிறது. கல்வியங்காட்டுச் செங்குந்த மரபினர் அதனை ஊர்வலமாக எடுத்து வந்து ஆலயத்தில் கையளிப்பது வழக்கம். செங்குந்தர் நெசவைக் குலத்தொழிலாகக் கொண்டவர்கள். சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்தில் நெசவாளரை நிறுத்தியதையும் இதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நெய்தவன் கொடுக்காமல் விழாவுக்குக் கொடி இல்லை. அதே ஆலயத்தில் அர்ச்சனைச் சிட்டையின் விலை நெடுங்காலமாக ஒரு ரூபா என்றே பேணப்பட்டு வருகிறது. வீதியில் ஒரு ரூபாவுக்கு இன்று ஒரு கச்சான் கோதும் வாங்க இயலாது. உள்ளே வரும் ஏழை தலைகுனியக்கூடாது என்பதை அந்த ஒரு ரூபா உணர்த்துகிறது. வெளியே இருக்கும் ஏழையைப் பற்றி நாம் என்ன எண்ணியிருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

அன்று மாலை நான் நடந்து நடந்து கடைத்தெருவின் கடைக்கோடிக்கே வந்துவிட்டேன். மின்விளக்குகள் குறைந்த இடம். ஒரு வயதான அம்மா சாக்கு விரித்துப் பனையோலைப் பொருட்களை அடுக்கி வைத்திருந்தார். நீத்துப்பெட்டி, சுளகு, கடகம், கொட்டப்பெட்டி, தடுக்கு, பனங்கட்டிக் குட்டான். பக்கத்தில் கொஞ்சம் புழுக்கொடியல்.

"என்ன ஆச்சி, இந்தமுறை யாவாரம் எப்பிடி?" என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல, தம்பி. சனம் வருது, பாக்குது, படம் எடுக்குது. வாங்கிறவை குறைவு" என்றார்.

"ஏன் இவ்வளவு தள்ளி இருக்கிறியள்? முன்னுக்கு இருந்தால் நல்லா விக்குமே?"

"முன்னுக்கு இடம் எடுக்க எங்களுக்குக் கட்டுமே, மோனை? ஒரு நீத்துப்பெட்டி வித்து என்ன வரும்? முந்தி உந்தப் புளியமரத்துக்குக் கீழை இருந்தனாங்கள். இப்ப அங்கை ஐஸ்கிறீம் கடை."

அவர் குறை சொல்லும் தொனியில் அதைச் சொல்லவில்லை. மழை வந்தது, போயிற்று என்பதுபோலச் சொன்னார். ஒரு கடகத்தைத் தூக்கி, அடிப்பக்கத்தைத் தட்டிக் காட்டி, "பாருங்கோ, நாலு வருசம் பாவிக்கலாம்" என்றார்.

அப்போது ஓர் இளங்குடும்பம் வந்தது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்பது பிள்ளைகளின் பேச்சில் தெரிந்தது. சிறுமி ஒருத்தி நீத்துப்பெட்டியை எடுத்துத் தலையில் கவிழ்த்துத் தொப்பி என்று சிரித்தாள். தகப்பனுக்கும் அது இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. கூட வந்த பாட்டியார்தான் அதை வாங்கி உள்ளே கையை விட்டுப் பார்த்து, "இதிலைதான் அம்மம்மா பிட்டு அவிக்கிறது" என்றார். பிறகு விலை கேளாமலே மூன்று வாங்கினார். அந்த ஆச்சியும் இந்தப் பாட்டியாரும் ஊர் விசாரித்து, உறவு விசாரித்து, ஏதோ ஒரு கலியாணவீட்டில் கண்டதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள். சிறுமி தொப்பியைக் கழற்றாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மறுவாரம் வகுப்பில் மாணவர்களிடம் பனையோலைப் பொருட்களின் பெயர்களை எழுதச் சொன்னேன். பாய், பெட்டி, சுளகு என்ற மூன்றையும் எல்லோரும் எழுதினார்கள். நீத்துப்பெட்டியைச் சிலர் எழுதினார்கள். கொட்டப்பெட்டியை எழுதியவர் ஒருவர். பெயர்களாவது எஞ்சுகின்றன, வினைச்சொற்களின் கதி இன்னும் மோசம். பெட்டியை இழைப்பது, கடகத்தைப் பொத்துவது, கிடுகைப் பின்னுவது, வேலியை அடைப்பது என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி வினை வைத்திருந்தவர்கள் நாங்கள். பொத்துதல் என்றால் கடகத்தின் வெளிப்புறத்தை நாரினால் இறுக்கிக் கட்டி உறுதியாக்குவது. என் மாணவர்களுக்கு எல்லாமே 'செய்தல்'தான். இதில் அவர்கள் குற்றம் எதுவும் இல்லை. பொருள் கையைவிட்டுப் போனால் சொல் வாயைவிட்டுப் போகும். அகராதியில் ஒரு சொல்லைக் காப்பது, பூவைப் புத்தகத்துக்குள் வைத்துக் காப்பது போன்றது. சொல் வாழ்வதற்கு அதைச் சொல்லி விற்பவரும், கேட்டு வாங்குபவரும் வேண்டும்.

அந்தக் கடகம் வெறும் பழம்பொருள் என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வேன். 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் காலம் என்னுடைய பள்ளிப் பருவம். மண்ணெண்ணெய் இல்லாத நாட்களில் ஜாம் போத்தலில் சிறிது எண்ணெய் விட்டு விளக்கேற்றிப் படித்தோம். சவர்க்காரம் கிட்டாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். நல்லூர் வீதியில் கச்சானைப் பழைய கொப்பித்தாளில் சுற்றித் தருவார்கள்; கச்சானைத் தின்றபின் அந்தத் தாளில் யாரோ ஒரு பிள்ளை செய்த கணக்கைப் படிப்போம். அந்த வறுமையிலும் கடைத்தெரு கூடியது. இருந்ததை விற்றார்கள், இயன்றதை வாங்கினார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து செம்மணி வழியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது, எங்கள் வீட்டுச் சமையற்கட்டு முழுவதும் அம்மாவின் தலையில் ஒரு கடகத்துக்குள் இருந்தது. அரிசி, மிளகாய்த்தூள், இரண்டு பேணி, ஒரு விளக்கு. அடை மழையிலும் அந்தக் கடகம் நெகிழவில்லை. பொத்தியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. ஏதோ ஒரு சந்தையில், ஏதோ ஓர் ஆச்சி விற்றது.

இந்த வீதிக்கும் அத்தகைய இரவுகள் தெரியும். 1987 ஒக்ரோபரில் போர் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் இந்த ஆலயத்தில்தான் தஞ்சம் புகுந்தார்கள். 2020-இலும் 2021-இலும் பெருந்தொற்றினால் திருவிழா கட்டுப்பாடுகளோடு நடந்தது. மக்கள் கூட்டம் இல்லாத அந்த நல்லூர் வீதியைப் பார்த்தவர்களுக்கு, கூட்டத்தின் அருமை தெரிந்திருக்கும். சத்தம் அதிகம் என்று முன்பு குறைப்பட்ட ஒருவரே, "சத்தமில்லாத நல்லூரைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை" என்று என்னிடம் சொன்னார்.

2002-இல் ஏ-9 வீதி திறந்தபோதும், போர் ஓய்ந்த 2009-க்குப் பின்னரும் தென்னிலங்கை வியாபாரிகள் பலர் நல்லூருக்கு வந்தார்கள். இன்றும் வருகிறார்கள். அதை வெறுப்போரும் உண்டு. வரட்டும் என்பேன். புகாரில் யவனர் கடை இருந்தது. அதனால் புகார் புகாராக இல்லாமற் போகவில்லை. பல மொழி பேசுவோர் கலந்து இனிது உறைந்தது அந்த நகரத்துக்குப் பெருமை என்றே இளங்கோவடிகள் கருதினார். ஐஸ்கிறீம் கடையும் இருக்கட்டும். வெயிலில் நேர்த்தி முடித்து வரும் பிள்ளைக்கு அது வேண்டும். ஆனால் அதே காப்பியத்தில் யவனருக்குப் பக்கத்தில் பிட்டு விற்பவரும் உப்பு விற்பவரும் இருந்தார்கள். அவர்களைக் கடைக்கோடியின் இருட்டுக்குத் தள்ளிவிட்டு அந்தக் கவிஞர் விழாவைப் பாடவில்லை. வெளியிலிருந்து வருவோர் வருவதால் சந்தை கெடுவதில்லை. உள்ளூரில் செய்பவர் உட்கார இடமில்லாமற் போனால்தான் அது கெடும்.

மணிமேகலையில் இதற்கொரு எச்சரிக்கை இருக்கிறது. அங்கே இந்திர விழா 28 நாட்கள் நடக்கும் பெருவிழா. ஓர் ஆண்டு, மகனைப் பிரிந்த துயரில் சோழ மன்னன் விழாவை மறந்தான். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது. தெய்வச் சாபம் என்று சாத்தனார் கதை சொல்கிறார். சாபத்தை நம்பாதவரும் அதன் உட்பொருளை ஏற்கலாம். கூடுவதை மறந்த நகரம், கடல் வருமுன்னரே அழியத் தொடங்கிவிடும். அந்தக் கதையில் விழாவை எடுப்பது அரசன் பொறுப்பு. அவன் மறந்தால் ஊருக்கு வேறு வழி இல்லை. நல்லூரில் அரசன் இல்லாமற்போய் 400 ஆண்டுகள் கடந்துவிட்டன. விழாவை நினைவில் வைத்திருப்பவர்கள் மக்களே. ஆகவே மறக்கும் அபாயமும் நம்மிடமேதான் இருக்கிறது. கொடியேற்றத்தை நாம் மறக்க மாட்டோம். தேரை மறக்க மாட்டோம். புளியமரத்தடியிலிருந்து எழுந்து போன ஆச்சியை மறந்துவிடுவோம்.

பெரிய காரியம் எதையும் நான் கேட்கவில்லை. நாற்சந்திக்கு அருகே, நல்ல வெளிச்சத்தில், ஓலையும் மண்ணும் இரும்பும் கொண்டு கையால் வேலை செய்வோர் வாடகையின்றி இருக்க ஒரு வரிசை இடம் போதும். இடம் ஒதுக்குவோர் அதை எண்ணட்டும். நாம் எண்ண வேண்டியது இன்னும் சிறியது. அடுத்த ஆண்டு நல்லூர் தொடங்கும்போது, சாமியைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சத் தூரம் நடவுங்கள். வெளிச்சம் குறையும் இடம் வரையும் நடவுங்கள். அங்கே இருப்பவரிடம் ஒரு பொருளை எடுத்து, "இதுக்கு என்ன பேர், ஆச்சி? இதை எப்பிடிச் செய்யிறது?" என்று உங்கள் பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலைக் கேட்டபின் விலை பேசாமல் வாங்குங்கள். அந்தச் சொல்லையும் பொருளையும் பிள்ளையே வீட்டுக்குத் தூக்கி வரட்டும்.